ஏழு வளைவும் கோரினின் டிரெய்லரும்

கோரின் ஹௌகனைப் பற்றி அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இருபத்தேழு குளிர்காலம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள், ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறக்கவில்லை. மேற்கு மாண்டனாவில் இது லேசான சொல் இல்லை. அங்கே பாதிரியாரின் காரே வருஷத்துக்கு ஒரு முறை பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடக்கும்.

ஆனால் ஊர் மெச்சிய கையை உடன்பிறந்தவன் மெச்ச வேண்டும் என்று ஒன்றும் இல்லையே. அவளுடைய அண்ணன் டுவேனுக்கு பேருந்து என்பது தார்ச் சாலையில் ஓடுகிற மஞ்சள் பெட்டி, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஆல்டர் ஓடைக்கு மேலே உள்ள புல்வெளியில் அவர்களுடைய வேட்டை முகாம். எல்க் மானுக்காக எட்டு நாள். கூடாரத்துக்குள் மூன்று கட்டில், நடுவில் ஒரு விறகடுப்பு. டுவேன், அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் வெண்டல், கோரின். முப்பத்தொரு வருஷம் இப்படித்தான் போனது. அறுபதாவது வயதில் கோரினின் வலது முட்டியை மருத்துவர்கள் மாற்றினார்கள். அந்த வருஷம் முகாமில் ஒவ்வொரு விடியற்காலையும் தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு நாள் வெண்டல் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அதைவிட, ஆண்கள் இருவரும் வெளியே துப்பாக்கியோடு பேசாமல் காத்து நின்றதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த செப்டம்பரில் டுவேன் தொலைபேசியில் அழைத்தான்.

"உன்னால அந்தக் கட்டில்ல படுத்து எந்திரிக்க முடியாது, கோரின். போன வருஷமே பாத்தோம். என் மருமகன் ட்ரெவர் வர்றேங்கறான். உன் கட்டிலை அவனுக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துக்கோ. நான் என் படுக்கையோடவே வர்றேன்."

"அந்த டிரெய்லரையா சொல்ற? ஆல்டர் பாதையிலயா? நடுவழியில அது நின்னுச்சுன்னா மேல இருக்கறவன் மேலயே கிடக்க வேண்டியதுதான். அப்பா காலத்துலருந்து அந்தப் பாதையில யாரும் வீட்டை இழுத்துட்டுப் போனதில்ல."

"அப்பா காலத்துல யாரும் முட்டியும் மாத்தல."



"சரி. ஒரே ஒரு தடவை. அது எங்கயாவது சிக்கிப் பாதையை அடைச்சுது, அதோட உனக்கு முகாம் முடிஞ்சுது. அப்புறம் வருஷா வருஷம் கறியை நானே உன் வீட்டுல கொண்டுவந்து குடுத்துடறேன்."

கடைசி வாக்கியத்தை அவன் பாசமாகத்தான் சொன்னான். அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது. முப்பத்தொரு வருஷமாகத் தன் வீட்டுக் குளிர்பெட்டியைத் தானே நிரப்பியவள் அவள்.

பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற அந்த டிரெய்லர் வீட்டை அவள் கடையில் வாங்கவில்லை. பேருந்துக் கொட்டகையின் ஓரத்தில், போன குளிர்காலம் முழுவதும் மாலை நேரங்களில் கட்டியிருந்தாள். பன்னிரண்டு அடி நீளம். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், நிமிர்ந்து உட்காரும் உயரத்தில் படுக்கை. சக்கரங்கள் இரண்டும் அவளுடைய பிக்கப்பின் சக்கர அளவேதான். ஒரே உபரிச் சக்கரம் இரண்டுக்கும் ஆகும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தையும் பிக்கப்புக்குச் சமமாக வைத்தாள். முன்வண்டி பனியில் போடுகிற தடத்திலேயே பின்வண்டி வர வேண்டும், தனக்கென்று புதுத் தடம் வெட்டக் கூடாது. அடிப்பாகத்தை ஒரு முழம் தூக்கினாள். தண்ணீர்த் தொட்டி வைக்கவில்லை, உறைந்து வெடிக்கும். உள்ளேயே இரண்டு கேன். எல்லாம் முடிந்ததும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில், டிரெய்லரின் பிரேக்குக்கு மட்டும் தனியாக ஒரு பிடியைப் பொருத்தினாள்.

நவம்பர் பிறந்தது. ஆல்டர் பாதை பதினோரு மைல், ஏழு கொண்டை ஊசி வளைவு. டுவேன் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிய தன் பழைய குதிரை டிரெய்லரோடு முன்னால் போனான். கோரின் பின்னால்.

"பஸ்காரம்மா, ஸ்டாப் வந்தா மணி அடி," என்றான் வெண்டல், முன்வண்டியிலிருந்து ரேடியோவில். "ட்ரெவர் இறங்கணுமாம். குளிருதாம்."

"டிக்கெட் வாங்கினவங்களத்தான் இறக்கிவிடுவேன்," என்றாள் கோரின்.

நாலாவது வளைவில் ஓடைத் தண்ணீர் பாதையைப் பிளந்திருந்தது. அவள் இறங்கி நடந்து பார்த்தாள். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் என்று முடிவு செய்துகொண்டு வந்து ஏறினாள். டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தது, தட்டுகள் குலுங்கின, தாண்டி வந்துவிட்டது.

மேலே புல்வெளி பகல் வெயிலில் சேறாகக் கிடந்தது. கோரின் நான்கு பலகைகளை எடுத்து, பிக்கப், டிரெய்லர் இரண்டின் சக்கரங்களும் பலகைமேல் நிற்கும்படி நிறுத்தினாள். டிரெய்லருக்கு ஒரு சக்கரத்துக்கு ஒன்று, பிக்கப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்து நீளப் பலகையாகப் பக்கத்துக்கு ஒன்று.

"என்ன, மகாராணிக்குக் கால்ல மண்ணு படக் கூடாதா?" என்றான் வெண்டல்.

டுவேன் சிரிக்கவில்லை. டிரெய்லரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். "ஏத்தத்துல எது வேணா ஏறும்," என்றான். "இறங்கறப்பதான் தெரியும்."

அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது.

ஐந்து நாள் நன்றாகப் போயிற்று. இரவில் அவள் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தே வைத்தாள். "வெளிய இருக்கற மலைக்கும் சேத்துச் சூடு போடறியா?" என்று டுவேன் கேட்டான். மூடி வைத்தால் மூச்சுக்காற்றே சுவரில் பனியாகப் படிந்து, படுக்கையை நனைக்கும் என்று அவள் விளக்கவில்லை. காலையில் யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்து, காபியைப் போட்டுக்கொண்டு, கூடாரத்து வாசலில் போய் அவர்களுக்காகக் காத்து நின்றாள். நாலாவது நாள் கிழக்குச் சரிவில் ஒரு பெட்டை எல்க்கை ஒரே குண்டில் வீழ்த்தினாள். அதைப் பற்றி அவள் இரண்டாம் தடவை பேசவில்லை. வெண்டல்தான் மூன்று தடவை பேசினான்.

ஆறாம் நாள் மழை பெய்தது. அன்றிரவே வானம் தெளிந்து, பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டுக்குப் போனது. விடிந்ததும் டுவேன் வானத்தைப் பார்த்தான். மேற்கே அடுத்த பனிமேகம் கருத்துக் கொண்டிருந்தது. "கட்டுங்க, இன்னைக்கே இறங்கிடணும்," என்றான்.

குதிரை டிரெய்லர் அசையவில்லை. அதன் நாலு சக்கரமும் சேற்றோடு சேறாக உறைந்து, கான்கிரீட்டில் நட்டதுபோல நின்றன. ட்ரெவர் ஓடிப் போய் ஒரு கெட்டில் கொதிநீரைக் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றினான். ஆவி எழுந்தது, அழகாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரும் உறைந்தது.

"இன்னும் ரெண்டு கெட்டில் ஊத்து," என்றான் வெண்டல். "மேல ஏறிச் சறுக்கி விளையாடலாம்."

கோடரியால் கொத்தி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கோரின் தன் பலகைகளின் ஓரத்தில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினாள், வண்டியை நகர்த்தினாள், பலகைகளை எடுத்து உள்ளே போட்டாள். பிறகு அவளும் ஒரு கோடரியை எடுத்துக்கொண்டு அவர்களோடு கொத்தப் போனாள். டுவேன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கப் பிக்கப்புகளின் சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலி மாட்டினார்கள். கோரின் அதோடு நிற்காமல் முட்டியை நீட்டிப் பனியில் சாய்ந்து உட்கார்ந்து, டிரெய்லரின் சக்கரங்களுக்கும் சங்கிலி மாட்டத் தொடங்கினாள்.

"அத்தை, இஞ்சின் இல்லாத சக்கரத்துக்கு எதுக்குச் சங்கிலி?" என்றான் ட்ரெவர்.

"போறதுக்கு இல்லப்பா. நிக்கறதுக்கு." அவள் டுவேனை நிமிர்ந்து பார்த்தாள். "டுவேன், எங்கிட்ட இன்னொரு ஜோடி உபரி இருக்கு. உன் டிரெய்லருக்குச் சரியாப் பொருந்தும்."

"முப்பது வருஷமா சங்கிலி இல்லாமதான் அது இறங்கியிருக்கு."

முப்பது வருஷமும் உதிரிப் பனியில் இறங்கியது. மழை விழுந்து உறைந்த பாதையில் அல்ல. ஆனால் முகாம் தலைவன் அவன். அவள் சங்கிலியை இறுக்கினாள்.

"நான் பஸ்ல வர்றேன்," என்று வெண்டல் கோரினின் வண்டியில் ஏறிக்கொண்டான். "ஹீட்டர் நல்லாருக்கு."

வழக்கப்படி டுவேன் முதலில் இறங்கினான். முன்னால் போகிறவன்தான் பாதையைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்களுக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். அது என்றுமே அவனுடைய இடம். மேலிருந்து எண்ணினால் இரண்டாவது வளைவில் அவன் பிரேக்கைத் தொட்டான். பிக்கப் பிடித்தது. குதிரை டிரெய்லர் பிடிக்கவில்லை. அது பின்னாலிருந்து நெருக்கி, பக்கவாட்டில் வழுக்கி வந்து, பிக்கப்பின் பின்பக்கத்தைத் தள்ளி, இரண்டும் கத்தரிக்கோல் போல மடங்கி மலைப் பக்கத்து மேட்டில் இடித்து நின்றன. மறுபக்கம் இருநூறு அடிப் பள்ளம்.

கோரின் தன் பிரேக்கைத் தொடவில்லை. கை தானாகப் பக்கத்துப் பிடிக்குப் போய் மெல்ல அழுத்தியது. டிரெய்லரின் சக்கரச் சங்கிலிகள் பனிக்கட்டியைக் கடித்தன. பின்னாலிருந்து யாரோ கடிவாளத்தைப் பிடித்து இழுத்ததுபோல இரு வண்டியும் ஒரே கோட்டில் நின்றன.

வெண்டல் சீட் பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டான்.

அவள் நடந்து போனாள். டுவேன் கதவைத் திறந்து இறங்கி, மடங்கிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான். ட்ரெவரின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் யாருக்கும் அடியில்லை. பாதை முழுவதும் அடைபட்டிருந்தது. அடைத்தது அவளுடைய டிரெய்லர் அல்ல. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவளுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அந்த உபரி ஜோடி," என்றான் டுவேன்.

"கையில இருக்கு," என்றாள். எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

குதிரை டிரெய்லரின் பின் சக்கரங்களுக்கு அவற்றை மாட்டினார்கள். டுவேனின் வண்டி முகப்பிலிருந்த இழுவைக் கம்பியைக் கீழே ஒரு பைன் மரத்தில் கட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்து நேராக்கினார்கள். இரண்டு மணி நேரம். கொஞ்சம் கீழே, மரலாரிகள் ஒதுங்குகிற அகலமான இடம் வந்தது. டுவேன் அங்கே ஓரம் கட்டி நிறுத்தினான்.

ரேடியோ கரகரத்தது.

"கோரின், நீ முன்னால போ."

வெண்டல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முன்கண்ணாடியை மட்டும் பார்த்தபடி அண்ணனைக் கடந்து போனாள்.

"மூணாவது வளைவு. உள்பக்கமா ஒட்டி வா, வெளிய பூரா கண்ணாடியா இருக்கு," என்று சொன்னாள். அடுத்ததில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து, "நாலாவதுல ஓடை உறைஞ்சிருக்கு, தாங்குது. நடந்து பாத்துட்டேன். மெதுவா வா, டுவேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." பேருந்தில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேசும் அதே குரல். ஒவ்வொரு வளைவுக்கும் அவன் "சரி" என்று மட்டும் பதில் சொன்னான். ஐந்து வளைவு, ஐந்து சரி.

அடிவாரத்தில் வனத்துறைக் கதவை முதலில் வருகிறவர் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கோரின் இறங்கிப் பிடித்துக்கொண்டாள். குதிரை டிரெய்லரின் சங்கிலி சலசலக்க, டுவேன் அவளருகே வந்து நிறுத்தினான். பிக்கப்பின் கண்ணாடி இறங்கியது.

"உன் சங்கிலி," என்றான் டுவேன்.

"வீட்டுக்குப் போய்க் கழட்டிக் குடு."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பலகை என்ன அளவு?"

"ரெண்டு அங்குலக் கனம். அடுத்த வருஷம் உனக்கும் நாலு அறுத்துக் கொண்டு வர்றேன்."

"ஆறா அறு," என்றான் அவன். "ட்ரெவர் அடுத்த வருஷம் தன் வண்டியில வருவான், அதுக்கும் வேணும்." கண்ணாடி ஏறியது, குதிரை டிரெய்லர் அவளைத் தாண்டிப் போனது.

கோரின் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள். பிறகு கையுறையைக் கழற்றி, பிரேக் சூடேறிவிட்டதா என்று தன் டிரெய்லரின் சக்கர மையத்தில் வெறுங்கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது, இருக்க வேண்டிய அளவுக்குத்தான். உள்ளே அவளுடைய கறி பத்திரமாக இருந்தது. வெண்டல் ஹாரனை அடித்தான், பேருந்து ஸ்டாப்பில் அடிப்பதுபோல இரண்டு தடவை. அவள் அவசரப்படாமல் வந்து ஏறினாள்.