அப்பா அணைத்த ஹீட்டர்

மீன்தொட்டிக்கு ஹீட்டர் வாங்கும் முன் ஒரு வாரம் படித்தேன். நாற்பது லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது வாட் போதும். சூடு எங்கும் பரவ, ஃபில்டர் தண்ணீரைத் தள்ளும் பக்கமாகப் பொருத்தினேன்.

இன்று பள்ளி விட்டு வந்தால் தொட்டி ஜில்லென்றிருந்தது. என் ஃபைட்டர் மீன் அடியில் சுருண்டு கிடந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலையில் வேலை. வந்ததும் கேட்டேன்.

"ஆள் இல்லாத ஊட்ல ஹீட்டரு ஓடக்கூடாதும்மா. நான்தான் அணைச்சிட்டுப் போனேன்."

"சூடானா தானா நின்னுடும்ப்பா!"

"எங்க ஃபர்னஸுக்கும் அப்டித்தான் சொன்னாங்க."

ஹீட்டரை மறுபடி போட்டுவிட்டேன்; மீன் இப்போது மெல்ல நீந்துகிறது. அப்பா நாற்காலி போட்டு ஹீட்டரை முறைத்துக்கொண்டு இருக்கிறார். நாளையும் பகலில் வீட்டில் ஆள் இல்லை.

அப்பா பக்கம் பேச வருபவர்கள், முதலில் மார்கழி விடியலில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வரவும்.