மைக்கைக் கடிக்காதவள்

ரயில் நிலையத்தில் அவளைக் குடையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தொலைந்த பொருட்களைக் காத்து வைக்கும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. பயணிகள் மறந்துவிட்டுப் போவதில் முக்கால்வாசி குடைதான். அலமாரி நிரம்பி வழிந்து, மேசைக்கு அடியிலும் குடை, நாற்காலி முதுகிலும் குடை. தேடி வருகிறவர்களிடம் அவள் அதிகம் பேச மாட்டாள். "என்ன கலர்? பிடி வளைவா, நேரா?" அவ்வளவுதான். கூடியவரை 'ச' வராத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பேசுவாள். 'ச' வந்தால் மேல்வரிசையில் மாட்டியிருக்கும் பொய்ப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காற்று புகுந்து விசிலடிக்கும்.

அவள் அந்த அறைக்கென்று பிறந்தவள் இல்லை. இளம் வயதில் அதே நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குத் தேர்வானவள். தேர்வு வைத்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இந்தக் குரல்ல வண்டி லேட்டுன்னு சொன்னாக்கூட யாருக்கும் கோவம் வராதும்மா" என்றாராம். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடத்தான் தங்கையை இழுத்துக்கொண்டு ராக் கச்சேரிக்குப் போனாள். பாடுகிறவன் சாதாரண ஆளா? எரிமலை! ஊரே அவனை அப்படித்தான் அழைத்தது. அவன் படத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் வெட்கப்படுகிற அளவுக்கு அவளுக்குப் பித்து.

முட்டி மோதி, மேடைக்குக் கீழே முதல் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மைக் மாட்டும் இரும்புத் தண்டைத் தலைக்கு மேல் சிலம்பம் போலச் சுற்றுவது எரிமலையின் வித்தை. அன்றைக்குச் சுற்றிய சுற்றில் திருகு தளர்ந்து, தண்டின் மேல்பாதி தனியே பிய்த்துக்கொண்டு பறந்தது. நேராக அவள் வாயில் வந்து விழுந்தது. வலி பிறகுதான் வந்தது; முதலில் கையில் ஏதோ சோழி மாதிரி இரண்டு விழுந்ததைத்தான் உணர்ந்தாள். மேலுதடு கிழிந்து தொங்கியது.

அவன் பார்த்தான். பார்க்கவில்லை என்று பின்னால் யார் சொன்னாலும் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. பாட்டை நிறுத்துவான், குனிவான், கை நீட்டுவான் என்று அந்த நிலையிலும் அவள் நம்பினாள். அவனோ கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, "ரத்தம் பாத்தாத்தான் ராக்கு!" என்று கத்தினான். கூட்டம் ஓவென்று கத்தியது. டிரம்ஸ் இன்னும் வேகமாக அடித்தது. தங்கைதான் அழுதுகொண்டே அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

தையல் பிரித்து, பல் கட்டி, வேலையில் சேரப் போனபோது அதே அதிகாரி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இந்தத் தடவை கண்ணைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. "குரல் அப்படியேதாம்மா இருக்கு. ஆனா எந்த ஊருக்கு வண்டி போகுதுன்னு புரியலையே" என்றார். அவள் மேல் இரக்கப்பட்டு, குடை அறையைக் கொடுத்தார்.

இதோடு போயிருந்தால் விதி என்று விட்டிருப்பாளோ என்னவோ. அடுத்த வருடம் எரிமலை ஒரு பாட்டு வெளியிட்டான். 'மைக்கக் கடிச்ச மயிலே, மறுபடி கடிக்க வா.' மேடையில் பாடுவதற்கு முன்னால் ஒரு கதையும் சொல்வான். ஒரு பெண் அவன்மேல் இருந்த ஆசை தாங்காமல் மேடைமேல் பாய்ந்து, முத்தம் கொடுப்பதாக நினைத்து மைக்கைக் கடித்து, பல்லை உடைத்துக்கொண்டாளாம். "அந்த மைக்க இன்னும் கழுவல!" என்பான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாட்டு பற்றிக்கொண்டது. பேருந்தில் அது, சலூனில் அது, சிக்னலில் பக்கத்துக் காரில் அது. போதாக்குறைக்குச் சில வருடம் கழித்து ஒருநாள் தங்கையின் கைப்பேசி அதே பாட்டில் அலறியது.

"என்னடி இது?"

தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பிள்ளைங்க மாத்திடுச்சுங்கக்கா." கொஞ்சம் பொறுத்து, "மெட்டு நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் தங்கையோடு பேசவில்லை. ஆனால் அவன் கச்சேரிகளுக்குப் போக ஆரம்பித்தாள். ரசிக்க அல்ல. அவன் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காக. ஊரில் அவன் மேடை ஏறிய எதையும் விட்டதில்லை. வாயிலில் நிற்கும் காவலாளிகள், "வாங்கக்கா, நீங்க இல்லாம எப்படி ஆரம்பிப்பாங்க!" என்று வரவேற்பார்கள். எரிமலைக்கு இவளைவிடத் தீவிர ரசிகை கிடையாது என்று அவர்கள் எண்ணம். பாட்டெல்லாம் மனப்பாடம் வேறு. எந்த வரியில் அவன் மூச்சு வாங்குவான், எங்கே சுருதி விலகும் என்று காத்திருக்கிறவளுக்கு மனப்பாடம் ஆகாதா பின்னே?

அவள் ஏங்கிய மாதிரி விபத்துகளும் நடக்கத்தான் செய்தன. ஒரு தடவை ஜெனரேட்டர் படுத்துவிட்டது. மைக் இல்லாமல் அவன் குரல் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி கேட்டது. இன்னொரு தடவை காற்றடித்து, அவன் முகம் வரைந்த பெரிய திரை அறுந்துவந்து டிரம்ஸ்காரனைப் பொட்டலம் கட்டியது. உள்ளரங்கில் நடந்த ஒரு கச்சேரியில் செயற்கைப் புகை கூடிப்போய், தீயணைப்புக் குழாய்கள் தாமாகத் திறந்துகொண்டு மேடையெல்லாம் மழை. எல்லாவற்றுக்கும் மேல், மேடைக்கு அடியிலிருந்து அவனைத் தூக்கி வரும் பலகை பாதியில் சிக்கி, அவன் தலை மட்டும் தரைக்கு மேலே தெரிய ஒரு பாட்டு முழுக்கப் பாடினானே, அந்தக் காட்சி! பூசணிக்காயை வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தத் தலை, "என் உடம்புக்கு டிக்கெட் கிடைக்கலப்பா!" என்று சொல்லிக் கூட்டத்தை மயக்கிவிட்டது. எப்படி விழுந்தாலும் அவனுக்குக் கைத்தட்டல். விழ விழ அவனை ஜனங்களுக்குப் பிடித்தது. கடவுளோ கரண்டோ செய்கிற காரியம் இல்லை இது, தன் கையால்தான் ஆக வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த வாய்ப்பை அவனே கொண்டுவந்து கொடுத்தான். பாட்டு வெளிவந்ததன் வெள்ளிவிழாக் கச்சேரிக்காக, 'மைக்கைக் கடித்த மயில் எங்கே? வந்தால் மேடையில் கௌரவம்!' என்று வானொலியில் அழைப்பு விட்டார்கள். ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் தேர்வு. அவள் தங்கையோடு போனபோது ஏற்கெனவே அரை டஜன் மயில்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தன. ஒரு மயிலுக்கு மிஞ்சிப்போனால் முப்பது வயது இருக்கும்.

"பாட்டு வந்தப்ப நீ தொட்டில்லயாம்மா இருந்த?" என்று தங்கை அதனிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

எரிமலையின் மேனேஜர் ஒரு சிறு பெண். எல்லோரிடமும் கதை கேட்டாள். மற்றவர்கள் காதல், கனவு என்று அளந்தார்கள். குடையக்கா மேலுதட்டைக் காட்டினாள். மூக்குக்குக் கீழேயிருந்து உதட்டோரம் வரை வெள்ளைக் கோடாகத் தழும்பு. அந்தப் பெண் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "நீங்கதான்!" என்றாள். அடுத்த மூச்சில், "கவலப்படாதீங்க, மேக்கப் போட்டா சுத்தமா மறைஞ்சிடும்" என்றாள்.

"நான் மேடையில என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பேச வேணாம்மா. அண்ணன் கட்டிப்பிடிப்பாரு, பூ குடுப்பாரு. நீங்க மைக்கக் கடிக்கிற மாதிரி லேசா ஆக்‌ஷன் பண்ணா போதும். செம்மையா இருக்கும்."

"பண்ணிடலாம்" என்றாள் குடையக்கா.

வெளியே வந்ததும் தங்கை முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, உன் முகமே சரியில்ல. என்ன பண்ணப்போற?"

"கடிக்கச் சொல்லியிருக்காங்கல்ல. கடிக்கிறேன்."

அவள் மனத்தில் ஒரு பேச்சு தயாராக இருந்தது. பல வருடமாகக் குளியலறையில் சொல்லிச் சொல்லிச் செதுக்கிய பேச்சு. 'ச' வராத சொற்களாகவே கோத்தது. மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுகூட அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். விளக்கு முகத்தில் விழுந்தது. எரிமலை கையை விரித்துக்கொண்டு, "மயிலே! வந்துட்டியா!" என்று ஓடிவந்து அணைத்தான். சாயம் பூசிய முடி, இறுக்கிப் பிடித்த தோல் கால்சட்டை, மூச்சு முட்டும் சென்ட். அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவனுக்கு அவளைத் துளிகூட அடையாளம் தெரியவில்லை. அந்த ஒரு பார்வையில் பேச்சு மொத்தமும் அவளுக்கு மறந்துபோனது.

"என்ன மயிலே, மறுபடி கடிக்கிறியா?" என்று மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினான். மைதானம் சிரித்தது. பின்னால் இருந்த ராட்சதத் திரையில் அவள் முகம், வீடு உயரத்துக்கு.

அவள் வாய்க்குள் விரலை விட்டாள். பல் செட்டைக் கழற்றினாள். அவனுடைய இன்னொரு கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் ஈரத்தோடு வைத்தாள். பிறகு திரையைப் பார்த்து வாயைத் திறந்து நன்றாகச் சிரித்தாள். அத்தனை பேருக்கும் அந்தக் கறுப்பு ஓட்டை தெரிந்தது.

"நான் மைக்கக் கடிக்கல" என்றாள். 'ச' வந்தால் வரட்டும் என்று விட்டாள். விசிலடித்தது, காற்று போனது, எச்சில் தெறித்தது. "நீ சுத்தின கம்பி வந்து என் வாய உடச்சுச்சு. நீ பாத்த. பாத்துட்டு சந்தோஷமா பாடின. இத்தன வருஷமா என்ன வச்சுச் சிரிச்ச. இந்தா, உன் மயிலோட பல்லு. கையில வச்சுக்கிட்டு இப்பப் பாடு."

டிரம்ஸ் மட்டும் கொஞ்சநேரம் தனியாக அடித்துவிட்டு நின்றது. எரிமலை சிரிக்கப் பார்த்தான். "அட, மயிலுக்குக் கோவம்..." என்று தொடங்கினான். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "கம்பிய எறிஞ்சியா இல்லையா? சொல்லுய்யா!" என்றது. பிறகு இன்னும் பல குரல்கள். அவன் கையைப் பார்த்தான். பல்லை எங்கேயாவது வைத்துவிட வேண்டும். கால்சட்டையில் பை இல்லை. கித்தார்காரனிடம் நீட்டினான், அவன் இரண்டடி பின்னால் போனான். தரையில் போட்டால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். இவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

தங்கை கீழே காத்திருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "அக்கா... ஐயோ அக்கா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இவளுக்கு நெஞ்சு முழுக்க, வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக் குடித்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

பாவம் பண்ணிவிட்டோமோ என்று பின்னால் வருந்தினாளா என்றால், இல்லை. அவன் ரசிகர்கள் சிலர் குடை அறை வரை தேடிவந்து திட்டினார்கள். "வயசான மனுஷன அசிங்கப்படுத்திட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றான் ஒருவன். "உங்க குடை எதுவும் தொலைஞ்சிருக்கா? இல்லன்னா நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றாள் அவள். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு, புகார் வந்திருக்கிறது, இனிமேல் ஜாக்கிரதை என்று உறுமினார். அவள் கதவு வரை போனதும் குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே அவன் கையிலயா வச்சீங்க?" என்று கேட்டார்.

மேனேஜர் பெண் பல்லை ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் பழைய துள்ளல் இல்லை. "அண்ணன் ரொம்ப நொந்துட்டாரும்மா. அந்தப் பாட்ட இனிமே பாடறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். நீங்களும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

"மன்னிப்பு அவர் கேட்டாரா?"

"நான்தான் அவர் சார்பா..."

"அடி வாங்கினது நான். யார் சார்பாவும் வாங்கல." பெட்டியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு குடைக்குச் சீட்டுக் கட்டத் தொடங்கினாள். அந்தப் பெண் போய்விட்டாள். எரிமலை வரவே இல்லை.

அதன் பிறகு அவனுக்குப் பெரிய மைதானங்கள் கிடைக்கவில்லை. திருமண மண்டபம், கடைத் திறப்பு விழா என்று சுருங்கினான். குடையக்கா இப்போதும் போகிறாள். முன்பு அவன் விழுவதைப் பார்க்கப் போனாள்; இப்போது அவன் தன்னைப் பார்க்க வேண்டும் என்று போகிறாள். முதல் வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நிற்பாள். கத்துவதில்லை, எதையும் எறிவதில்லை. அவன் கண் கூட்டத்தில் மேய்ந்துகொண்டே வந்து அவளிடம் இடறும். வரி மறந்துபோகும். உடனே மேடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு பாடுவான். அவளும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போவாள்.

போன தடவை தங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "போதும்க்கா, விட்டுடு. ஆள் பாதியாயிட்டான் பாரு."

"நீ வேணா வீட்டுக்குப் போ" என்றாள் குடையக்கா. "அடுத்த பாட்டுக்கு அவனேதான் கித்தார் வாசிப்பான், இந்தப் பக்கம் வந்துதான் ஆகணும். வயர் அந்தக் கோடி வரைக்கும் எட்டாது."

தங்கை பெருமூச்சு விட்டாள்; ஆனால் போகவில்லை. அவளும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.