பூனை டாக்டரின் மூக்கு

எங்கள் ஊர் மெர்கோங்கில் கிளினிக் வைத்திருந்த அந்தப் பூனை டாக்டரை நான் நம்பவே இல்லை. ஒல்லியான மனிதர். எங்கள் பூனையைத் தொடுவதற்கு முன்னால், நாங்கள் அதைச் சுற்றிக் கொண்டுவந்த துண்டை மோந்து பார்த்தார்.

“தொண்டையில முடி அடைச்சிருக்கு, அதான் கழுத்த நீட்டி இருமுது,” என்றேன்.

“முடி வெளிய வந்துச்சா?”

வரவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஆஸ்துமா என்றார். பூனைக்கு இன்ஹேலராம், அதற்கு ஒரு குட்டி முகமூடியாம். ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

“வீட்டுல புகை உண்டா?”

“வெள்ளிக்கெழம சாம்பிராணி போடுவேன் டாக்டர்,” என்றாள் மனைவி.

“நிறுத்திருங்க அக்கா.”

அவள் பூனையோடு வெளியே போனதும் என் சட்டைப் பக்கம் குனிந்தார்.

“அண்ணே, இது சாம்பிராணி வாடை இல்ல லா.”

சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து பூனையை நான் மட்டும்தான் அவரிடம் கொண்டுபோகிறேன், துவைத்த சட்டையோடு.