குண்டூசி இங்கிலீஷ்

தெருவில் அவளுக்குக் குண்டூசி அக்கா என்றே பேர். எந்நேரமும் தையல்; உதட்டில் குண்டூசி கவ்வாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். வம்பு பேச மட்டும்தான் எடுத்துவைப்பாள். கணவன் ஏணியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானதும் வீட்டுப் பாரம் அவள் தலையில் விழுந்தது. தைத்த துணியை அளவு திருத்திக் கொடுக்கும் கடையொன்றில் ஆள் கேட்டார்கள். ஒரு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். வருகிறவர்களெல்லாம் இங்கிலீஷ்காரர்கள்.

நாத்தனார் சும்மா விடுவாளா? உட்காரவைத்து இங்கிலீஷை உருப்போட வைத்தாள்.

"டேக் இன்னுன்னா உள்ள சேர்த்துக்கிறது, புரிஞ்சுக்கிறது, ஏமாத்துறதும்தான் அண்ணி."

"அடிப்பாவி! உங்கம்மா பேச்சுலகூட இத்தனை உள்ளர்த்தம் இருக்காதேடி!"

மறுநாள் முதலில் வந்த பெண் பாவாடையை மாட்டிக்கொண்டு "டேக் இட் இன்" என்றாள். படித்த அர்த்தமெல்லாம் முட்டிமோத, இவளுக்குக் கை ஓடவில்லை. கடைக்கார அம்மா கனைத்தாள். சனியன் பிடித்த பாடம்! பழக்கத்தில் இடுப்பைப் பிடித்து இறுக்கி ஓர் ஊசி குத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஓ, இதுதானா! அடுத்தவர் "டேக் அப்" என்று பாதத்தைப் பார்த்தார்; கால்சட்டையை மடித்தாள். இன்னொருத்தி மூச்சை இழுத்துப் பிடித்து "லெட் அவுட்" என்றாள், தையலைப் பிரித்தாள். குத்து, முகத்தைப் பார். அவ்வளவுதான் இங்கிலீஷ்.

மாலையில் வயதான ஓர் அம்மா, தொளதொளவென்ற ஆண்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "டேக் இட் இன்" என்றார். இவள் இரு பக்கமும் பிடித்து ஊசி குத்தினாள். கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியிலோ அந்த முகம் இடிந்துபோயிருந்தது. ஓர் ஊசியைக் கழற்றினாள், கொஞ்சம் தெளிந்தது. எல்லாவற்றையும் கழற்றினாள். அந்த அம்மா தொளதொளத்த கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மை ஹஸ்பண்ட்," என்றார். அப்படியே போய்விட்டார்.

"வந்த வேலையைத் திருப்பி அனுப்பிட்டியேம்மா!" என்றாள் கடைக்கார அம்மா.

"செத்துப்போன புருஷன் கோட்டும்மா. தச்சிருந்தா வீட்டுக்குப் போய் அழுவாங்க."

"உன் கையில குறை இல்ல. ஆனா நான் கடை நடத்தணுமே. போயிட்டு வா."

வழியெல்லாம் தன் இளகிய மனசைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். கணவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன, வேலை கிடைச்சுதா?"

"இல்லைங்க."

"இங்கிலீஷ் காலை வாரிடுச்சா?"

"அதெல்லாம் நல்லாவே புரிஞ்சுதுங்க," என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.