லொறிக்குப் பின்னால் கேட்ட மூச்சு

பேய் இருட்டில்தான் வரும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. நான் கண்டது பகலில். மழை மூட்டமான பகல், அவ்வளவுதான். என்னோடு இருந்த இராயப்பு இன்றும் உயிரோடு இருக்கிறான். போய்க் கேளுங்கள். சொல்லமாட்டான்... எழும்பிப் போய்விடுவான்.

என் பெயர் லோறன்ஸ். அறுபத்திரண்டாம் ஆண்டு மாரி. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மாங்குளம் ரயில் ஸ்ரேசனுக்குக் கருவாடு ஏற்றும் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை கருவாட்டுச் சிப்பங்களை ஏற்றி முடிக்கிற நேரம், இராயப்பு மழைக்குள் ஓடி வந்தான். கரைவலை இழுக்கும் மீனவன். அவன் அழுததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"லோறன்ஸ் அண்ணை, புனிதம் மூச்செடுக்க ஏலாமல் கிடக்கிறாள். லொறியைக் கொண்டு வாங்கோ, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

புனிதமலர் அவன் மனைவி. கலியாணம் முடித்து ஒரு வருஷமும் ஆகவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று குத்தியிருக்கிறது. கராம்பு வைத்துக் கடித்தாள். கன்னத்துக்குப் பத்துப் போட்டார்கள். வலி குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நஞ்சு பல்லை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அது ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் பார்த்தபோது அவளுக்குக் கழுத்து என்று ஒன்றில்லை. தாடை நாடியிலிருந்து நெஞ்சு வரை ஒரே வீக்கம். சிவந்து மினுங்கியது. தொட்டால் பலகை மாதிரி இறுக்கம். நாக்கு மேலே தள்ளி நின்றது. வாயை மூட முடியவில்லை. விழுங்க முடியாத எச்சில் துவாய்த் துண்டில் வடிந்துகொண்டிருந்தது. படுக்க வைத்தால் மூச்சு அடைத்துவிடும். இரவு முழுக்க அவளை இருத்தியே வைத்திருந்தார்களாம்.

கருவாட்டை இறக்கி எறிந்தேன். பின்னால், மழைக்கு மூடும் படங்கு ஒன்று மட்டும் கிடந்தது. முன் சீற்றில் நாங்கள் மூன்று பேர். கதவோரம் இராயப்பு, நடுவில் அவள். முகத்தை அண்ணாந்து வைத்து மூச்சை இழுத்தாள்.

கர்ர்ர்... கர்ர்ர்...

எஞ்சின் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

"அண்ணை, கீறிச் சீழை எடுத்தால் சுகம் வரும்தானே?"

"ஓம். பென்சிலின் ஊசியும் போடுவினம். பயப்பிடாதை."

சொன்னேன். அவள் விரல் நகங்கள் நீலமாகி வருவதை நான் கண்டுவிட்டேன். அதைச் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் கழிந்து காடு தொடங்கியது. மழை இறுகியது. மத்தியானமே லைற் போட்டு ஓடினேன். அப்போதுதான் கவனித்தேன். மூச்சுச் சத்தம்... இரண்டு.

ஒன்று என் பக்கத்தில். மற்றது பின்னால். இவள் இழுத்து முடிய, அங்கே தொடங்கும். அங்கே முடிய, இவள்.

இராயப்பு என்னைப் பார்த்தான்.

"பின்னாலை ஆரும் ஏறினவையோ?"

"இல்லை."

நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் ஏறிப் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். ஆளில்லை. அடியில் பலகை காய்ந்து கிடந்தது. ஒரு இடம் மட்டும் ஈரம். விரலால் தொட்டேன். மழைத் தண்ணீர் இல்லை. நூலாய் இழுபட்டது.

எச்சில்.

திரும்பி வந்து ஏறினேன். விரலைச் சட்டையில் துடைத்தேன். லொறி நகர்ந்தது. புனிதமலர் மெல்லக் கையைத் தூக்கினாள். வெளிக் கண்ணாடியைக் காட்டினாள்.

பார்த்தேன்.

பின்னால் ஒரு பெண் இருந்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. முகம் வானத்தைப் பார்த்தபடி. திறந்த வாய்க்குள் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் வாயை மூடவில்லை.

தலையைத் திருப்பிப் பின்பக்கம் நேரே பார்த்தேன். வெறும் லொறி.

கண்ணாடியில்... இருந்தாள்.

வேகம் எடுக்க மிதித்தேன்.

கர்ர்ர்...

மாங்குளம் சந்தி. பெரியாஸ்பத்திரிப் பக்கம், தெற்கே திருப்பினேன்.

கர்ர்ர்...

பிறகு ஒரு சத்தம்தான் கேட்டது.

நின்றது எது? பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"இராயப்பு... அவள்..."

"கை சூடாய்க் கிடக்கு அண்ணை. ஓடுங்கோ."

பெரியாஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். உயிர் இருந்தது. டொக்டர் அந்த நிமிஷமே தொண்டையைக் கீறிக் குழாய் வைத்தார். நாடிக்குக் கீழே கீறிச் சீழ் எடுத்தார். அந்த நாற்றம் வராந்தா வரை வந்தது. ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள்.

டொக்டர் வெளியே வந்து கை துடைத்தார்.

"வீக்கம் நாடிக்குக் கீழை இறங்க முந்திக் கொண்டு வந்திருக்கவேணும். பல்லைப் பிடுங்கிக் கீறியிருந்தால் போதும். இப்ப நஞ்சு நெஞ்சுக்குள்ளை போயிட்டுது."

விளக்கு வைக்கிற நேரம் புனிதமலர் போய்விட்டாள். இராயப்பு அவள் காலைப் பிடித்தபடி இருந்தான்.

நான் வராந்தாவில் நின்றேன். கமலாசனி என்ற நேர்ஸ் வந்தா. யாரையோ தேடுவது போல அங்குமிங்கும் பார்த்தா.

"மற்றவா எங்கை?"

"ஆர் மற்றவா?"

"உங்கடை லொறியிலை பின்னாலை இருந்து இறங்கி வந்தவா. அவாவுக்கும் இதே கழுத்து வருத்தம்தானே? இந்த வாங்குப் பலகையிலை இருத்திக் கழுத்துத் துணியை அவிட்டுப் பாத்தனான். மரம் மாதிரி வீக்கம். ஐஸ் மாதிரிக் குளிர். ஆரோ முந்தியே கீறியிருக்கினம்... கீறின காயம் பிளந்தபடி கிடக்கு. ரத்தமும் இல்லை, சீழும் இல்லை."

நான் திரும்பி வாசலில் நின்ற லொறியைப் பார்த்தேன்.

"டொக்டரைக் கூட்டி வாறன், இருங்கோ எண்டு சொன்னனான். அதுக்கு அவா..."

"என்ன சொன்னவா?"

நேர்ஸ் வெறும் வாங்கைப் பார்த்தா.

"'அந்தப் பிள்ளையை முதல் பாருங்கோ. எனக்கு இனி அவசரமில்லை' எண்டவா."