ஆட்டுக்குட்டிப் படகில் போன ஆயிஷா

புத்தளத்துக்கு ரயில் இருந்தும் நாங்கள் படகில் போனதற்குக் காரணம் ஓர் அலுமாரி. புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட தம் தங்கைக்காக என் கணவர் கண்டித் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தது. ஏற்றி இறக்குவதில் கீறல் விழுந்துவிடும் என்று அதை ரயிலில் அனுப்ப அவருக்கு மனமில்லை. நீர்கொழும்பு வரை லொறி, அங்கிருந்து கால்வாய்ப் படகு, நாமும் கூடவே போவோம் என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஏழு வயது ஹமீது, ஐந்து வயது ஆயிஷா, கைக்குழந்தை என்று எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் கடலைக் கண்டதில்லை. நானும்தான்.

விடியலில் சுபஹு தொழுதுவிட்டு, கண்டிக்கருகே எங்கள் ஊரான மடவளையை விட்டோம். கடுகண்ணாவைக் கணவாயில் லொறி இறங்க இறங்கக் குளிர் விட்டது. பிள்ளைகள் சட்டைக்கு மேல் போட்டிருந்ததையெல்லாம் கழற்றி என் மடியில் குவித்தார்கள். பின்னேரம் நீர்கொழும்பு. படகு தட்டையாக, அகலமாக, பாதிக்கு ஓலைக் கூரையோடு இருந்தது. படகுக்காரர் பேதுரு அந்த ஊர்க் கத்தோலிக்கர். அலுமாரியை நடுவில் நிறுத்தி, குடும்பத்தை அதன் இரு பக்கமும் பிரித்து உட்கார வைத்தார், பாரம் சரியாக இருக்கவேண்டுமாம்.

மறுநாள் காலை மாரவிலையில் கட்டினோம். தென்னந்தோப்பைக் கடந்து நடந்தால் கடல். ஹமீது வாய் பிளந்து நின்றான். ஆயிஷாவோ தம்பி தூங்குவதைக் காட்டி, சத்தம் போடாதே என்று அலையை அதட்டினாள். அது கேட்கவில்லை என்றதும் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த நாள் நண்பகலில் சிலாபம். கரையோரம் படகுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடந்தன. கணவர் ஹமீதைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போனார். நான் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுச் சோற்றை வடித்தேன். ஆயிஷாவும் அவர்களோடு போயிருப்பாள் என்றிருந்தேன். அவர்கள் திரும்பி வந்தபோது இருவர்தான் வந்தார்கள்.

"ஆயிஷா எங்க?" என்று கேட்டேன்.

"புள்ள உங்களோட தானே ஈந்திச்சி" என்றார் அவர்.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்தான். பச்சை நிறமாக, அசையாமல் கிடந்தது. கணவர் செருப்போடு அதில் குதித்துவிட்டார். பேதுருவும் குதித்துப் படகுக்கு அடியில் துழாவினார். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பக்கத்தில் நின்ற உப்புப் படகில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்ததையும், சிவப்புச் சட்டைப் பிள்ளை ஒன்று அதற்குப் புல் கொடுத்துக்கொண்டே உள்ளே ஏறியதையும் சொன்னாள். அந்தப் படகு தெற்கே புறப்பட்டுப் போய் வெகு நேரமாகிவிட்டதாம்.

பேதுரு தண்ணீரிலிருந்தே சொன்னார்: "அழாதீங்கம்மா. கம்பு ஊன்றிப் போற படகு. ஓடினா பிடிக்க ஏலும்."

குழந்தையை அந்த மீன்காரியின் கையில் கொடுத்து, ஹமீதையும் அவளோடு விட்டுவிட்டு ஓடினேன். மடவளையில் வாசலைத் தாண்ட முக்காட்டைப் பத்துத் தடவை சரிசெய்கிறவள் நான். அன்று அது தோளில் கிடந்ததா, வழியில் விழுந்ததா, தெரியாது. பின்னால் ஈர உடுப்போடு கணவர். முன்னால் பேதுரு, ஆட்டுக்குட்டிப் படகை நிறுத்தச் சொல்லித் தமிழிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டு போனார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, அதையே அடுத்த வளைவுக்குக் கத்தினார்கள். அங்கே கயிறு திரித்தவர்கள் அதற்கப்பால் கத்தினார்கள். எங்கள் கால்களை விட வேகமாக அந்தச் சத்தம் தென்னைகளுக்கிடையே ஓடியது. முகம் தெரியாத யார் யாரோ என் பிள்ளைக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு வாங்க ஒரு மரப்பாலத்தை அடைந்தபோது உப்புப் படகு அங்கே கட்டப்பட்டிருந்தது. உப்பு மூட்டைகளின் இடுக்கில் தூங்கிப்போயிருந்த ஆயிஷாவைச் சத்தம் கேட்டுத் தேடியெடுத்திருந்தார்கள். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கருப்பட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, நீங்களும் இந்தப் படகுக்கு வந்திட்டீங்களா?" என்றாள் சந்தோஷமாக.

கணவர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். உப்புப் படகுக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது மீன்காரியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்காகப் பொரித்த மீனும் வைத்திருந்தாள். காசு கொடுக்கப் போனால் திட்டினாள். அன்று நாங்கள் சாப்பிட்டதைப் போல எந்தப் பெருநாளிலும் சாப்பிட்டதில்லை.

முந்தல் ஏரியைக் கடந்து புத்தளம் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னமே செய்தி அங்கே போயிருந்தது. இறங்குதுறையில் நின்ற பெண்கள் அலுமாரியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆயிஷாவைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரயிலில் கண்டிக்குத் திரும்பினோம். நிலையத்திலிருந்து வரும்போது பிள்ளைகளுக்கு வாவியைக் காட்டினேன். மழை பெய்து ஓய்ந்து, மலைகளுக்கு நடுவே அது அழகாகத்தான் இருந்தது. ஆயிஷா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, இதில் ஏறினால் எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டாள். எங்கேயும் போகாது, இங்கேயேதான் இருக்கும் என்றேன்.

"பாவம்" என்றாள்.