ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு காசிமேட்டில்

2007 கோடையில் ஒரு சனிக்கிழமை காசிமேடு போனேன். மீன் வாங்க அல்ல. எங்கள் அலுவலகத்தில், படகில் வேலை பார்க்கப் பழக்கும் ஒரு மெய்நிகர் பயிற்சி தயாராகிக்கொண்டிருந்தது. கண்ணை முழுக்க மூடும் கனமான ஹெல்மெட்டை மாட்டினால் உள்ளே கடல், அலை, படகு எல்லாம் தெரியும். நிற்பது என்னவோ அலுவலகத் தரையில்தான். அதைச் சோதிப்பது என் வேலை. நிஜப் படகு எப்படி ஆடும் என்று தெரியாமல் எதைச் சோதிப்பது?

அன்று காலையும் இரண்டு மணி நேரம் ஹெல்மெட்டோடு நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன். முதல் முட்டாள்தனம் அதுதான். பாரிமுனையில் பஸ் பிடித்து ராயபுரத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ, முப்பது ரூபாய். இரண்டு கிலோமீட்டருக்கு அது அதிகம். பேரம் பேசத் தெம்பில்லை. இறங்கி நடந்தால் தரை மெல்ல ஏறி இறங்கியது.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். கடைசிப் படகுக்குப் போக ஒவ்வொரு படகாகத் தாண்ட வேண்டும். நண்பர் சொல்லிவைத்திருந்த ஏழுமலையின் படகு நான்காவது. கரையில் காத்திருந்த அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா நைனா, கால அகட்டிகினு, கழுத்த நீட்டிகினு வர்ற? சரக்கு போட்டுகினியா?”

“ஐயோ இல்லண்ணே, அந்தப் பழக்கமே கிடையாது.”

“குடிச்சவன நா போட்ல ஏத்த மாட்டேன்.”

குனிந்து பார்த்தேன். அப்படித்தான் நின்றிருந்தேன். ஹெல்மெட்டின் கனத்துக்கு வளைந்த கழுத்து இன்னும் நிமிரவில்லை. உண்மையைச் சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் குடிகாரன் என்றதும் ரோஷம் வந்துவிட்டது. “நீங்களே பாருங்க” என்று முதல் படகில் ஏறினேன். திட்டிக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

மூன்றாவது படகுக்கு, மேலே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி ஒரு காலை எட்டி வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் படகுகள் விலகின. கால்களுக்கு நடுவே டீசல் மிதக்கும் கறுப்புத் தண்ணீர். விலகியவை திரும்ப வந்து மோதும் என்று தெரியும். என் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் தெரியவில்லை. கண் ஒன்று சொன்னது, கால் வேறொன்று சொன்னது. பயந்துபோனேன்.

“கயித்த வுடாத! நைனா, வுடாத!”

விட்டுவிட்டேன். ஏழுமலை காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். படகுகள் மடேரென்று மோதின.

“செத்துருப்பியே! இன்னாத்துக்கு வுட்ட?”

“ஹெல்மெட்டைக் கழட்டப் போனேண்ணே.”

“இன்னா ஹெல்மெட்டு? தலைல ஒண்ணியும் காணோமே!”

அலுவலகத்தில் பயந்தால் உடனே கழற்றிவிடுவேன், கடல் மறைந்துவிடும். வாரக்கணக்கில் கைக்கு அதுதான் பழக்கம். அவருடைய படகு வரை போகாமலே கரைக்குத் திரும்பினேன்.

காசிமேடு போகிறவர்கள் வழுக்காத செருப்பு போடுங்கள், ஆட்டோவுக்கு இருபது ரூபாய்க்கு மேல் தராதீர்கள். இப்படிப்பட்ட ஹெல்மெட் மாட்டிய அன்று படகு, பைக் எதன் பக்கமும் போகாதீர்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் இதைச் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தேன். இதில் பழகப்போகிறவர்கள் நிஜமாகவே கடலுக்குப் போகிறவர்கள்.

ஒரு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஞாயிறு காலை குளியலறையில் லேசாக வழுக்கியது. கைக்கெட்டும் தூரத்தில் குழாய் இருந்தது. என் இரண்டு கைகளும் முகத்துக்குத்தான் போயின.